ஒன்பதுக்கு ஒன்று

1904ஆம் ஆண்டின் கடைசி வாரங்களில் சிகாகோ மருத்துவமனை ஒன்றுக்கு வால்டர் கிளெமென்ட் நோயல் என்ற இருபது வயது இளைஞர் மூச்சுத் தொல்லையோடு வந்து சேர்ந்தார். கரீபியக் கடலில் இருக்கும் கிரெனடா தீவுக்காரர், பல் மருத்துவம் படிக்க அமெரிக்கா வந்தவர். பயிற்சி மருத்துவராக இருந்த எர்னஸ்ட் ஐரன்ஸ் அவருடைய ரத்தத்தைக் கண்ணாடித் தகட்டில் தடவி நுண்ணோக்கியில் பார்த்தார். வட்டமாக இருக்கவேண்டிய சிவப்பணுக்களுக்கு நடுவே நீண்டு வளைந்த, கதிர் அறுக்கும் அரிவாள் மாதிரியான அணுக்கள் தெரிந்தன. மூத்த மருத்துவர் ஜேம்ஸ் ஹெரிக் 1910இல் இதைப் பற்றி ஒரு கட்டுரை எழுதினார். மேற்கத்திய மருத்துவ இலக்கியத்தில் அரிவாள் செல் நோயை முதலில் விவரித்தது அந்தக் கட்டுரைதான். நோயல் படிப்பை முடித்து ஊர் திரும்பினார், பல் மருத்துவராக வேலை பார்த்தார், 1916இல் நிமோனியா வந்து இறந்தார். அப்போது அவருக்கு வயது முப்பத்திரண்டு.

பரிணாமம் எப்படி வேலை செய்கிறது என்று யாராவது கேட்டால் நான் டைனோசரையோ ஒட்டகச்சிவிங்கியின் கழுத்தையோ சொல்வதில்லை. அரிவாள் செல்லைத்தான் சொல்வேன். நுண்ணோக்கியில் தொடங்குகிற இந்தக் கதை கொசு, காடு, கிழங்குத் தோட்டம் என்று போய் நம் நீலகிரிக்கும் வந்து சேர்கிறது. மரபியலை மட்டும் வைத்துக்கொண்டு இதைப் பாதிதான் சொல்ல முடியும். சூழலியலை மட்டும் வைத்துக்கொண்டாலும் பாதிதான். இரண்டும் ஒரே மேசைக்கு வர அரை நூற்றாண்டு ஆயிற்று.

முதலில் நோய். சிவப்பணுவுக்குள் ஆக்சிஜனைச் சுமக்கிற புரதம் ஹீமோகுளோபின். அரிவாள் செல் நோய் உள்ளவர்களுக்கு இந்தப் புரதம், ஆக்சிஜனை இறக்கி வைத்தவுடன் ஒன்றோடொன்று ஒட்டி நீண்ட கம்பிகள் போல ஆகிவிடும். உள்ளே கம்பி முளைத்தால் வெளியே பை கோணித்தானே போகும்! கோணிய அணுக்கள் மெல்லிய ரத்தக்குழாய்களில் சிக்கி அடைத்துக்கொள்ளும். எலும்பிலும் மார்பிலும் வயிற்றிலும் தாங்க முடியாத வலி. அணுக்கள் சீக்கிரம் உடைவதால் தீராத ரத்தசோகை. மண்ணீரல் பழுதாவதால் சாதாரணத் தொற்றுகூட உயிரை எடுக்கும். நவீன மருத்துவம் எட்டாத ஆப்பிரிக்கக் கிராமங்களில் இந்த நோயோடு பிறந்த குழந்தைகளில் பெரும்பாலானவர்கள் ஐந்து வயதைப் பார்த்ததில்லை.

1949இல் இதன் மரபியல் பக்கம் தெளிவானது. அமெரிக்காவில் ஜேம்ஸ் நீலும் ஆப்பிரிக்காவில் பணியாற்றிய ஈ. ஏ. பீட் என்ற மருத்துவரும் தனித்தனியே ஒரே முடிவுக்கு வந்தார்கள். தாயிடமிருந்து ஒன்று, தந்தையிடமிருந்து ஒன்று என்று இரண்டு பிரதிகளும் மாறியிருந்தால்தான் நோய். ஒரு பிரதி மட்டும் மாறியிருந்தால் அவர் வெறும் சுமப்பவர், பொதுவாக ஆரோக்கியமாகவே வாழ்வார். சுமக்கிற இருவர் மணந்துகொண்டால் ஒவ்வொரு பிரசவத்திலும் நான்கில் ஒரு பங்கு வாய்ப்பு நோயுள்ள குழந்தைக்கு. அதே ஆண்டில் லைனஸ் பாலிங்கும் அவருடைய சகாக்களும் இந்த ஹீமோகுளோபின் வேதியியல்ரீதியாகவே வேறு என்று காட்டினார்கள். ஒரு நோயை ஒரு மூலக்கூறின் கோளாறாகக் காட்டியது அதுவே முதல் முறை. சில ஆண்டுகள் கழித்து கேம்பிரிட்ஜில் வெர்னன் இங்ரம் இன்னும் உள்ளே போனார். புரதச் சங்கிலியில் ஆறாவது இடத்தில் குளூட்டமிக் அமிலத்துக்குப் பதிலாக வேலின் என்ற அமினோ அமிலம். அவ்வளவுதான் வித்தியாசம். டிஎன்ஏவில் இது ஒரே ஒரு எழுத்துப்பிழை.

சரி, பிழை கண்டுபிடித்தாயிற்று. ஆனால் இங்கேதான் எனக்குப் பிடித்த கேள்வி எழுகிறது. இரண்டு பிரதிகள் கொண்ட குழந்தைகள் வளர்ந்து பிள்ளை பெறுவதற்கு முன்பே இறந்துபோகிறார்கள். ஒவ்வொரு சாவிலும் அந்த மரபணுவின் இரண்டு பிரதிகள் உலகத்தை விட்டுப் போகின்றன. அப்படியென்றால் தலைமுறைக்குத் தலைமுறை அது குறைந்து அபூர்வமாகியிருக்க வேண்டும், இல்லையா? ஆப்பிரிக்காவின் சில பகுதிகளில் ஐந்தில் ஒருவர் அதைச் சுமந்தார், சில சமூகங்களில் பத்தில் நான்கு பேர். ஓட்டை வாளியில் தண்ணீர் குறையாமல் நிற்கிறது என்றால் யாரோ ஊற்றிக்கொண்டே இருக்கிறார்கள் என்றுதானே அர்த்தம்? யார் ஊற்றுகிறார்கள்?

புதிது புதிதாகப் பிறழ்வு நடந்து ஈடுகட்டுகிறதோ என்று சிலர் யோசித்தார்கள். கணக்கு ஒத்துவரவில்லை. நூறு குழந்தைகளில் ஒன்று நோயோடு பிறக்கிற ஊரில், இழப்பை ஈடுகட்ட ஒவ்வொரு தலைமுறையிலும் நூறு மரபணுப் பிரதிகளில் ஒன்று புதிதாகப் பிழையாக வேண்டும். நிஜத்தில் பிறழ்வு அதைவிட ஆயிரம் மடங்குக்கும் மேல் மெதுவாக நடப்பது. மரபியலுக்குள்ளேயே தேடினால் விடை கிடைக்காது. வெளியே வந்து நிலத்தைப் பார்க்க வேண்டியிருந்தது.

*

நிலத்தைப் பார்த்தவர் அந்தோணி ஆலிசன். தென்னாப்பிரிக்காவில் பிறந்து கென்யாவின் பிளவுப் பள்ளத்தாக்கில் ஒரு பண்ணையில் வளர்ந்தவர். ஆக்ஸ்ஃபோர்டில் மருத்துவம் படித்துக்கொண்டிருந்தபோது, 1949இல், பல்கலைக்கழகத்தின் கென்யா மலைப் பயணக் குழுவில் இடம் கிடைத்தது. மற்றவர்கள் செடிகளையும் பூச்சிகளையும் சேகரிக்க, இவர் கென்யாவின் பல சமூகத்தவரிடமிருந்து ரத்த மாதிரி சேகரித்தார். அரிவாள் செல்லும் சோதனைப் பட்டியலில் இருந்தது. ஒரு சொட்டு ரத்தத்தில் ஆக்சிஜனை உறிஞ்சும் வேதிப்பொருளைக் கலந்து, அணுக்கள் வளைகின்றனவா என்று பார்ப்பார்கள்.

வந்த எண்கள் விசித்திரமாக இருந்தன. கடற்கரை ஓரத்திலும் விக்டோரியா ஏரியைச் சுற்றியும் சுமப்பவர்கள் நூற்றுக்கு இருபதுக்கும் மேல். மேட்டு நிலங்களிலும் வறண்ட பகுதிகளிலும் நூற்றுக்கு ஒருவர்கூட இல்லை. மொழியாலும் வம்சாவளியாலும் நெருங்கியவர்களுக்கு ஒரே மாதிரி எண் வரும் என்று எதிர்பார்த்தால், அது வரவில்லை. வேறு வேறு மொழி பேசினாலும் ஏரிக்கரைக்காரர்களின் எண்கள் ஒத்துப்போயின. இந்த மரபணு யாருடைய வம்சம் என்று பார்க்கவில்லை, எந்த உயரத்தில் குடியிருக்கிறாய் என்று பார்த்தது. தாழ்வான, ஈரமான, வெப்பமான இடங்களில் வேறென்ன இருக்கும்? கென்யாவில் வளர்ந்த பையனுக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. கொசு. கொசுவோடு மலேரியா.

படிப்பை முடித்துவிட்டு 1953இல் அவர் திரும்பவும் கிழக்கு ஆப்பிரிக்காவுக்குப் போனார். உகாண்டாவில் 290 குழந்தைகளின் ரத்தத்தைச் சோதித்தார். அரிவாள் மரபணு இல்லாத 247 குழந்தைகளில் 113 பேரின் ரத்தத்தில் மலேரியா ஒட்டுண்ணி இருந்தது. அதைச் சுமந்த 43 குழந்தைகளில் 12 பேருக்கு மட்டுமே இருந்தது. பிறகு இன்னும் நேரடியாக ஒரு சோதனை. லுவோ சமூகத்தைச் சேர்ந்த 30 ஆண்களின் உடலில் மலேரியாக் கிருமி வேண்டுமென்றே செலுத்தப்பட்டது. அவர்களில் 15 பேர் மரபணுவைச் சுமப்பவர்கள், 15 பேர் சுமக்காதவர்கள். சுமக்காத 15 பேரில் 14 பேரின் ரத்தத்தில் ஒட்டுண்ணி தெரிந்தது. சுமந்தவர்களில் இரண்டே பேர்.

இந்த இடத்தைத் தாண்டிப் போக எனக்கு மனம் வருவதில்லை. தன்னார்வலர்கள், கடைசியில் மருந்து கொடுத்தார்கள் என்பதெல்லாம் உண்மைதான். ஆனாலும் காலனி ஆட்சிக் காலத்தில் ஒரு வெள்ளை மருத்துவர் கேட்கும்போது ஆப்பிரிக்கத் தொழிலாளி ஒருவர் சொல்லும் ‘சரி’ எவ்வளவு சுதந்திரமானது? இன்றைய நெறிமுறைக் குழு எதுவும் இதற்கு அனுமதி தராது. அறிவியலின் அழகான கண்டுபிடிப்பு ஒன்றைக் கையில் எடுக்கும்போது அந்த முப்பது பேரையும் சேர்த்தே எடுக்க வேண்டும்.

1954இல் முடிவுகள் வெளிவந்தன. பின்னாளில் நடந்த பெரிய ஆய்வுகள் இதை உறுதிப்படுத்தின. மரபணுவைச் சுமக்கும் குழந்தைக்குக் கடுமையான மலேரியா வரும் ஆபத்து ஏறத்தாழ பத்தில் ஒரு பங்காகக் குறைகிறது. ஒட்டுண்ணி உள்ளே புகுந்த சிவப்பணு சீக்கிரம் வளைந்துவிடுகிறது, மண்ணீரல் அதைப் பிடித்து அழித்துவிடுகிறது என்பது ஒரு காரணம். ஆக்சிஜன் குறையும்போது அந்த அணுவுக்குள் ஒட்டுண்ணி சரியாக வளர்வதில்லை என்பது இன்னொன்று.

ஜே. பி. எஸ். ஹால்டேன் இந்தத் திசையில் முன்பே கை காட்டியிருந்தார். மத்தியதரைக் கடல் நாடுகளில் தலசீமியா என்ற இன்னொரு ரத்த நோய் ஏன் இவ்வளவு இருக்கிறது என்று யோசித்தவர், அதைச் சுமப்பவர்களுக்கு மலேரியாவிலிருந்து பாதுகாப்பு இருக்கலாம் என்று 1940களின் இறுதியில் ஊகித்தார். அதே ஹால்டேன்தான் 1957இல் பிரிட்டனை விட்டுவிட்டு இந்தியா வந்து, 1964இல் புவனேஸ்வரில் இறந்தார்.

*

இப்போது கணக்கு. பயப்பட வேண்டாம், கூட்டல் கழித்தல்தான். ஏரிக்கரைக் கிராமம் ஒன்றில் நூறு குழந்தைகள் பிறக்கிறார்கள் என்று வைத்துக்கொள்வோம். அங்கே மரபணுப் பிரதிகளில் பத்தில் ஒன்று அரிவாள் வகை. அப்படியென்றால் அந்த நூறு பேரில் ஒரு குழந்தைக்கு இரண்டும் அரிவாள், 18 பேருக்கு ஒன்று மட்டும், மீதி 81 பேருக்கு எதுவும் இல்லை. நோயோடு பிறந்த அந்த ஒரு குழந்தை இறந்துவிடுகிறது. மரபணு இல்லாத 81 பேரில் ஒன்பது பேரை மலேரியா கொண்டுபோகிறது. பிழைத்து நிற்பவர்கள் 90 பேர். அவர்களிடம் இருக்கும் 180 பிரதிகளில் அரிவாள் வகை 18. திரும்பவும் பத்தில் ஒன்று! அடுத்த தலைமுறை தொடங்கும்போது எதுவும் மாறவில்லை. ஓட்டை வாளியில் தண்ணீர் ஊற்றிக்கொண்டிருந்தது கொசுதான்.

நிஜ வாழ்க்கை இவ்வளவு சுத்தமாக இருக்காது, எண்கள் ஊருக்கு ஊர் மாறும். ஆனால் அந்தச் சமநிலையின் எலும்புக்கூடு இதுதான். ஒரு பக்கம் ஒரு சாவு, மறுபக்கம் ஒன்பது சாவு. இரண்டு தட்டிலும் குழந்தைகள். ‘தகவமைப்பு’ என்று பாடப்புத்தகத்தில் படிக்கும்போது ஏதோ உடம்பு தானாகவே சூழலுக்கு ஏற்பத் தன்னைச் சீர்செய்துகொள்வது போல ஒரு படம் மனதில் வரும். இங்கே யாரும் எதையும் சீர்செய்யவில்லை. அந்த ஒரு குழந்தை மற்றவர்களுக்காகத் தியாகம் செய்ததாகவும் சொல்ல முடியாது, அதை யாரும் கேட்கவில்லை. இயற்கைத் தேர்வுக்குத் திட்டம் கிடையாது, இரக்கமும் கிடையாது. கைக்கு வந்த எழுத்துப்பிழை ஒன்று அந்த இடத்தில் கொஞ்சம் உதவியது, அதனால் தங்கிவிட்டது. அதற்கான விலையையும் அங்கேயே வசூலித்துக்கொண்டது.

அதெப்படி, மலேரியாவும் இயற்கைதானே, அது எப்போதும் இருந்ததுதானே என்று கேட்கலாம். இதற்கு 1958இல் மானுடவியலாளர் ஃபிராங்க் லிவிங்ஸ்டன் ஒரு பதில் வைத்தார். மேற்கு ஆப்பிரிக்காவில் அரிவாள் மரபணு எங்கே அதிகம், எங்கே குறைவு என்ற வரைபடத்தை மொழிகள், பயிர்கள், குடியேற்றங்கள் பற்றிய தகவல்களோடு சேர்த்துப் பார்த்தார். அடர்ந்த மழைக்காட்டின் நிழலில் அனாபெலஸ் காம்பியே என்ற கொசு நன்றாகப் பெருகாது. அதற்கு வெயில் படும் குட்டைகள் வேண்டும். மனிதர்கள் காட்டை வெட்டி எரித்துப் பெருவள்ளிக் கிழங்கு நட்டார்கள். மரம் போன இடத்தில் வெயில் விழுந்தது, மண் இறுகியது, மழைநீர் தேங்கியது. பயிர் செய்கிறவர்கள் ஒரே இடத்தில் நெருக்கமாகக் குடியிருந்தார்கள். கொசுவுக்கு முட்டையிடக் குட்டையும் கடிக்க ஆளும் ஒரே இடத்தில் கிடைத்தன. விவசாயம் கொசுவைப் பெருக்கியது, கொசு மலேரியாவைப் பெருக்கியது, மலேரியா அந்த எழுத்துப்பிழையைப் பெருக்கியது.

இந்தச் சங்கிலியை முதலில் படித்தபோது புத்தகத்தை மூடிவைத்துவிட்டுக் கொஞ்சநேரம் சும்மா உட்கார்ந்திருந்தேன். மண்வெட்டி பிடித்த கை தன் பேரப்பிள்ளைகளின் ரத்தத்தைத் திருத்தி எழுதியிருக்கிறது, அதற்கே தெரியாமல். சூழல் என்பது நமக்கு வெளியே ஆடாமல் அசையாமல் நிற்கும் மேடை என்று நினைப்பதற்கு இதற்கப்புறம் வழியில்லை.

*

இனி நீலகிரி. 1952இல், அதாவது ஆலிசனின் கட்டுரைகளுக்கு இரண்டு ஆண்டுகளுக்கு முன்பே, ஹெர்மன் லேமன், மேரி கட்புஷ் ஆகிய இருவரும் நீலகிரிப் பகுதிப் பழங்குடிகளிடையே அரிவாள் செல் மரபணுவைக் கண்டதாக எழுதினார்கள். இருளர், குறும்பர், பணியர் மத்தியில் அது இருந்தது. ஆப்பிரிக்கர்களின் ரத்தத்தில் மட்டும் இருப்பது என்று பலரும் நம்பிக்கொண்டிருந்த காலம். உடனே அன்றைய அறிஞர்களுக்குத் தோன்றிய விளக்கம் வம்சாவளி. பழங்காலத்தில் இவர்களுக்கும் ஆப்பிரிக்கர்களுக்கும் ரத்த உறவு இருந்திருக்க வேண்டும் என்று யோசித்தார்கள். மரபணுவை அவர்கள் பழைய குடும்பப் பெயர் மாதிரி பார்த்தார்கள்.

ஆலிசன் கற்றுக்கொடுத்த கண்ணோடு பார்த்தால் வேறொன்று தெரியும். இந்த மக்களின் வாழிடங்கள் பெரும்பாலும் மலையின் கீழ்ச்சரிவுக் காடுகளும், பக்கத்து வயநாடும். இருபதாம் நூற்றாண்டின் நடுப்பகுதியில் டிடிடி மருந்து அடிக்கும்வரை வயநாடு மலேரியாவுக்குப் பேர்போன இடம், சமவெளிக்காரர்கள் போகவே அஞ்சிய இடம். இந்தியாவிலும் அரேபியாவிலும் உள்ள அரிவாள் மரபணு ஆசியாவில் தனியாகவே தோன்றியது என்று 1986இல் வெளிவந்த ஆய்வு ஒன்று வாதிட்டது. இல்லை, எல்லாமே ஏறத்தாழ ஏழாயிரம் ஆண்டுகளுக்கு முன் ஆப்பிரிக்காவில் ஒரே முறை தோன்றியதுதான் என்று 2018இல் வேறோர் ஆய்வு சொன்னது. விவாதம் முடியவில்லை. எனக்கு இதில் முக்கியமாகப் படுவது வேறு. பிழை எங்கே தோன்றியது என்பது தற்செயல். தோன்றிய பிழை எங்கே தங்கியது என்பதைத் தீர்மானித்தது இடம். வயநாட்டில் தங்கியதற்கும் விக்டோரியா ஏரிக்கரையில் தங்கியதற்கும் காரணம் ஒன்றேதான்.

அப்படியானால் இடம் மாறினால்? அடிமைக் கப்பல்கள் இந்த மரபணுவையும் சேர்த்தே அட்லாண்டிக் கடலைத் தாண்டின. அமெரிக்காவில் மலேரியா 1951இல் ஒழிந்தது. மலேரியாக் கிருமி இல்லாத ஊரில் இந்த மரபணுவுக்கு வரவு இல்லை, செலவு மட்டும்தான். இன்று அங்கே கறுப்பினக் குழந்தைகளில் 13 பேருக்கு ஒருவர் இதைச் சுமக்கிறார். தாத்தாவின் தாத்தாக்களைக் காப்பாற்றியது பேரனுக்கு வெறும் சுமை. மரபணுவில் ஓர் எழுத்தும் மாறவில்லை, அதைச் சுற்றியிருந்த உலகம்தான் மாறியது. இதே மரபணுவைச் சிகாகோவில் நின்று பார்த்தால் நோய் என்போம், ஏரிக்கரையில் நின்று பார்த்தால் கவசம் என்போம்.

இந்த ‘எங்கே?’ என்ற கேள்வியை விட்டுவிட்டால் என்ன ஆகும் என்பதற்கும் வரலாறு இருக்கிறது. இதை மூலக்கூறு நோய் என்று காட்டிய அதே பாலிங், அரிவாள் மரபணுவைச் சுமப்பவர்கள் அறியாமல் ஒருவரையொருவர் மணந்துவிடக் கூடாது என்பதற்காக, இளைஞர்களின் நெற்றியில் அதற்கான அடையாளம் பச்சை குத்தலாம் என்று 1968இல் எழுதினார். வேதியியலுக்கு ஒன்று, அமைதிக்கு ஒன்று என்று இரண்டு நோபல் வாங்கியவர் எழுதியது இது! குழந்தைகளின் வலியைக் குறைக்க வேண்டும் என்பதுதான் அவர் நோக்கம் என்பதை நம்புகிறேன். ஆனால் கறுப்பினத்தவர் நெற்றியில் முத்திரை என்றால் அந்த நாட்டில் அதற்கு என்ன பொருள் என்று அவர் யோசித்ததாகத் தெரியவில்லை. 1970களில் அமெரிக்க மாநிலங்கள் பலவும் கட்டாயப் பரிசோதனைச் சட்டம் போட்டன. நோயாளிக்கும் சுமப்பவருக்கும் வித்தியாசம் தெரியாமல் வேலையும் காப்பீடும் மறுக்கப்பட்டன. அமெரிக்க விமானப்படை அகாடமி சுமப்பவர்களை 1981 வரை சேர்த்துக்கொள்ளவே இல்லை.

இது பழைய கதை இல்லை. 2047க்குள் அரிவாள் செல் நோயை ஒழிப்பது என்ற இலக்கோடு இந்திய அரசு 2023இல் ஒரு தேசியத் திட்டத்தைத் தொடங்கியது. பழங்குடிப் பகுதிகளை மையமாக வைத்து ஏழு கோடிப் பேரைப் பரிசோதிப்பது நோக்கம். பரிசோதனை முடிந்தவர்களுக்கு அவர்களின் மரபணு நிலையைச் சொல்லும் அட்டை கொடுக்கிறார்கள். பரிசோதனை வேண்டும், அதில் எனக்குச் சந்தேகமே இல்லை. சீக்கிரம் தெரிந்தால் குழந்தையைத் தொற்றிலிருந்து காப்பாற்றலாம். ஹைட்ராக்ஸியூரியா போன்ற விலை குறைந்த மாத்திரையே வலியைப் பெரிதும் குறைக்கிறது. மரபணுவையே வெட்டித் திருத்தும் சிகிச்சைக்கு 2023இல் பிரிட்டனும் அமெரிக்காவும் அனுமதி தந்துவிட்டன. ஆனால் அமெரிக்காவில் அதன் விலை இருபது லட்சம் டாலருக்கும் மேல். நீலகிரிச் சரிவில் இருக்கும் ஒரு தாய்க்கு அது இன்றைக்கு நிலாவில் இருக்கிற மருந்து.

அவர் கைக்கு எட்டுவது அந்த அட்டை. அதைக் கொடுக்கும் செவிலியர் என்ன சொல்லிக் கொடுக்கிறார் என்பதில்தான் எல்லாம் இருக்கிறது. “உங்க ரத்தத்துல குறை இருக்கு” என்று ஒரு வரியில் முடித்துவிடலாம். முடித்துவிட்டால் நாளைக்கு அந்தப் பெண்ணுக்கு வரன் வராது, ஊருக்குள் ஒரு பெயர் ஒட்டிக்கொள்ளும். அல்லது இன்னும் ஐந்து நிமிடம் உட்கார்ந்து பேசலாம். “இந்தக் காட்டுல முந்தி மலேரியா இருந்துச்சும்மா. கொத்துக்கொத்தா பிள்ளைங்க செத்துப்போனாங்க. அப்ப உங்க முன்னோரைக் காப்பாத்துனது இதுதான். உங்களுக்கு இதால ஒண்ணும் இல்ல. கட்டிக்கிறவருக்கும் இருந்தா மட்டும் பிள்ளைக்கு வரலாம், அதுக்கு முன்னாடி எங்ககிட்ட வந்து கேளுங்க” என்று சொல்லலாம். இரண்டு பேச்சிலும் மருத்துவத் தகவல் ஒன்றேதான். இரண்டாவதில் அந்தப் பெண்ணின் ஊரும் அவர் பாட்டி நடந்த காடும் சேர்ந்து வருகின்றன.